மாரிக் குளிரில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வந்தவர்கள்

ஒருவருடைய சட்டையைக் கழற்றச் சொல்லி, நெஞ்சில் ஒயர்களைப் பொருத்தி, படமும் எடுத்துவிட்டு, "என்ன காட்டுது தம்பி?" என்று அவர் கேட்கும்போது கூரையைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டிய தொழில் எங்களுடையது. ஆஸ்பத்திரியில் ஈசிஜி எடுக்கிறவனுக்குப் படம் எடுக்க மட்டும்தான் உத்தரவு. பலன் சொல்வது டொக்டரின் வேலை. இது எனக்குத் தெரியும், டொக்டருக்குத் தெரியும், கட்டிலில் படுத்திருக்கிறவருக்கு மட்டும் தெரியாது.

என் பெயர் ஜௌபர். கல்முனைக்குடிக்காரன். கரையோரத்து ஆஸ்பத்திரி ஒன்றில் பதினாறு வருஷமாக இந்த மெசினோடு மாரடிக்கிறேன். உடம்புக்குள் மின்சாரம் பாய்ச்சுகிறேன் என்ற நினைப்பில் ஊரில் பாதிப்பேருக்கு நான் "கறண்ட் பிடிக்கிற தம்பி". வெயில் காலத்தில் கொஞ்சம் மூச்சுவிடலாம். மாரி பிறந்துவிட்டால் முடியாது. கடலிலிருந்தும் வயலிலிருந்தும் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு ஆட்கள் வரத் தொடங்குவார்கள். நம்முடைய கடற்கரையில் என்ன பெரிய குளிர் என்று மலைநாட்டு நுவரெலியாக்காரர் சிரிப்பார். வாடைக் காற்றில் நனைந்த உடம்போடு வலை இழுத்துப் பார்த்தால் அவருக்கும் புரியும். இதை வாசிக்கிற உங்களில், நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு "இது வாய்வா, வேறென்னவுமா?" என்று ஒரு தரமாவது குழம்பாதவர் இருக்க மாட்டீர்கள். பயப்படாதீர்கள், மெசினை வைத்திருக்கிற நானும் உங்களைப் போலத்தான்.

நடுங்கிய கோடு

நான் வேலைக்குச் சேர்ந்த முதல் மாரி. காலை ஏழு மணிபோல சாய்ந்தமருதிலிருந்து ஆதம்பாவா காக்காவை ஓட்டோவில் கொண்டுவந்தார்கள். காக்கா என்றால் எங்களுக்கு அண்ணன். கரைவலை இழுக்கிறவர், ஐம்பது வயதிருக்கும். இடுப்பளவு தண்ணீரில் நின்று கயிற்றை இழுத்துக்கொண்டிருந்தவர், நெஞ்சில் ஆட்டுக்கல்லை ஏற்றி வைத்ததுபோல இருக்கிறதென்று மணலில் குந்திவிட்டாராம். சாரனிலிருந்து தண்ணீர் வடிந்துகொண்டிருந்தது. அவசரத்தில் அப்படியே படுக்கவைத்து, ஒயர்களைப் பொருத்தி, பட்டனை அழுத்தினேன். வெளியே வந்த கடதாசியைப் பார்த்தேன். கோழி கிளறிய மண்ணைப்போலக் கோடு முழுக்கக் கிறுக்கல். படிக்கிற காலத்தில், உயிர் போகிற நேரத்துக் கோடு என்று காட்டிய படமும் இப்படித்தான் இருந்தது. "டொக்டர்!" என்று கத்திக்கொண்டு ஓடினேன்.

கோமதி டொக்டர் வந்தார். திருக்கோவில்காரர். நெல் செய்கிற குடும்பத்தில் பிறந்தவர், எதற்கும் சத்தம் போடமாட்டார். கடதாசியைப் பார்த்தார், ஆளைப் பார்த்தார். ஆள் இரண்டு கண்ணையும் விரித்து எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஜௌபர், இதயம் நடுங்கல்ல. ஆள்தான் நடுங்குறார். ஈரத்த மாத்தி, துடைச்சு, போர்த்துப்போட்டு எடுங்க" என்றார். எங்கள் தாதி செல்வி மிஸ்ஸி இரண்டு கம்பளி கொண்டுவந்து சுற்றினார். நான் பெருமூச்சு விட்டேன். ஒன்றுமில்லை, வெறும் குளிர்தான் என்று நானாகவே முடிவுகட்டிக்கொண்டேன். ஐந்து நிமிஷத்தில் நடுக்கம் அடங்கியது. மறுபடி எடுத்தேன். இந்தத் தரம் கோடு சுத்தமாக வந்தது. அந்தச் சுத்தமான கோட்டில் மாரடைப்பு சுத்தமாகத் தெரிந்தது.

பயந்தபோது பயப்பட வேண்டாம் என்றார்கள். ஆறுதல்பட்டபோது ஓடு ஓடு என்றார்கள். மாத்திரையைச் சப்பக் கொடுத்து, ஊசி போட்டு, ஆளை அம்புலன்ஸில் மட்டக்களப்புப் பெரிய ஆஸ்பத்திரிக்கு ஏற்றினார்கள். அல்லாஹ் காப்பாற்றினான். மூன்று கிழமை கழித்து கிளினிக்குக்கு வந்தவர் பழைய இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டச் சொன்னார். பிறகு முதலாவது படத்தில் விரலை வைத்தார். "இத எடுக்கக்குள்ள நான் இன்னும் கடலுக்குள்ளதான் நிண்டிருக்கன் தம்பி, அதான் அலையெல்லாம் விழுந்திரிக்கி."

யாருடைய ஏப்பம்

அரிசி ஆலையில் மூட்டை தூக்குகிற ஹனீபாவை அவருடைய மனைவி கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தார். மழைக்காற்றில் விடியற்காலையில் லொறிக்கு மூட்டை ஏற்றும்போது நெஞ்சு எரிந்திருக்கிறது. இஞ்சிச் சோடா குடித்தாராம், நீளமாக ஓர் ஏப்பம் வந்ததாம், நோவு குறைந்ததாம். "வாய்வு தம்பி, இவ சும்மா பயப்புடுறா" என்றார். அவருடைய குரலில் இருந்த உறுதியைக் கேட்டு நானும் ஒயர்களை எடுத்து வைத்துவிடலாமா என்று யோசித்தேன். மனைவிதான் விடவில்லை. "வாய்வெண்டா ஏப்பம் வாறது சரி. எல்லாரும் விறைச்சுப் போய் நிக்கக்குள்ள இவருக்கு மட்டும் ஏன் வேர்வை ஊத்துது?"

நான் ஒயர்களைப் பொருத்தினேன். மெசினுக்குப் பதில் தெரிந்திருந்தது. அரை மணித்தியாலத்தில் ஹனீபா மூக்கில் குழாயோடு வார்ட்டில் படுத்திருந்தார். இது வாய்வில்லை, இதயத்துக்குப் போகிற இரத்தம் குறைந்த வேலை என்று கோமதி டொக்டர் அவருக்கு விளங்கப்படுத்தினார். எல்லாவற்றையும் தலையாட்டிக் கேட்டுவிட்டு, டொக்டர் போனதும் என்னைக் கூப்பிட்டுக் காதுக்குள் கேட்டார். "அப்ப அந்த ஏப்பம் ஆருட?"

ஐஸ் ரூமில் மட்டும் வரும் நோவு

றமீஸ் ஒரு மீன் வாடியில் ஐஸ் ரூமுக்குள் பெட்டி அடுக்குகிறவர். நாற்பத்தைந்து வயது, என்னைவிடத் திடமான உடம்பு. ஒரே மாதத்தில் நாலு தரம் வந்தார். நாலு தரமும் ஒரே கதை. "உள்ளுக்க போய் பத்துப் பெட்டி தூக்கினா நெஞ்ச ஆரோ கயித்தால இறுக்குற மாதிரி வரும். வெளிய வந்து வெயில்ல நிண்டா விட்டுரும்." நாலு தரமும் நான் எடுத்த படத்தில் ஒரு குறையும் இல்லை. பிள்ளைகள் கொப்பியில் எழுதிப் பழகுகிற எழுத்துப்போல வரிசையாக வந்தது கோடு.

அவருடைய முதலாளி, இது வேலைக்கள்ளம் என்றார். கூட வேலை செய்கிறவர்கள், ஐஸ் ரூமுக்குள் ஜின் இருக்கிறதென்று ஓதி ஊதிய தண்ணீர் கொடுத்தார்கள். நான் எந்தக் கட்சியில் இருந்தேன் என்று கேட்காதீர்கள். நாலாவது தரம் அவரைக் கண்டபோது எனக்கும் முதலாளியின் முகம்தான் வந்திருக்கும். கோமதி டொக்டர் மட்டும் கதிரையை இழுத்துப்போட்டு, எந்த நேரம் வருது, எதைத் தூக்கும்போது வருது, எத்தனை நிமிஷத்தில் விடுது என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். அவர் போன பிறகு என்னிடம் சொன்னார். "குளிர் பட்டா உடம்பு சூட்டக் காப்பாத்திறதுக்கு ரத்தக் குழாயெல்லாத்தையும் சுருக்கும் ஜௌபர். வாய்க்காலக் குறுக்கிப்போட்டு தண்ணிப் பம்ப ஓட விடுற மாதிரி. பாரமும் தூக்கினா அந்தப் பம்ப் இன்னும் வேகமா ஓடணும். இவருக்கு பம்புக்கு டீசல் போற குழாயே அடைச்சிருக்குப்போல. சும்மா நிக்கக்குள்ள அது தெரியாது. இழுக்கக்குள்ளதான் தெரியும்."

ஓடுகிற பட்டியில் நடக்கவிட்டுப் படம் எடுக்கிற சோதனைக்கு அனுப்பினார்கள். நாலு நிமிஷம் நடந்ததும் அதே கயிறு, அதே இறுக்கம், கோடும் பள்ளத்தில் இறங்கியது. பிறகு குழாயைப் பார்த்து இரண்டு இடத்தில் ஸ்டென்ட் வைத்தார்கள். திரும்பி வந்தவரிடம் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அவர் என் தோளில் தட்டினார். "நாலு தரம் நான் உங்களுக்கிட்ட வந்தன். நீங்க ஒரு தரம் ஐஸ் ரூமுக்கு வந்திருந்தா வேல முடிஞ்சிருக்கும்."

கடைவாய்ப் பல்

பெண்களுக்குத் திரைக்குப் பின்னால் படம் எடுப்பது என்னோடு வேலை செய்யும் நஸீஹா. இது அவர் சொன்னது. மருதமுனையில் கைத்தறி நெய்கிற சபூறா ராத்தாவின் வீட்டுக்குள் மழைவெள்ளம் வந்துவிட்டது. காலையிலிருந்து முழங்கால் தண்ணீரில் நின்று வாளியால் இறைத்து, நனைந்த மெத்தையையும் நூல் கட்டுகளையும் தூக்கித் தூக்கி உயரத்தில் வைத்திருக்கிறார். வாளியைத் தூக்கும் ஒவ்வொரு தரமும் கீழ்த் தாடையில் ஒரு நோவு. அந்த இடத்தில் ஏற்கெனவே ஒரு சூத்தைப் பல் இருந்தது. வேறென்ன வேண்டும்? பல் வைத்தியரிடம் போய், இன்றைக்கே பிடுங்க வேண்டுமென்று பிடிவாதம் பிடித்துப் பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டார். இரண்டு நாள் கழித்து மறுபடி தண்ணீர் இறைத்தபோது, பல் இல்லாத இடத்தில் அதே நோவு. தோளுக்கும் ஏறியது.

தடிமனுக்கும் இருமலுக்கும் மருந்தெடுக்க வந்த இடத்தில் பேச்சுவாக்கில் இதைச் சொல்லியிருக்கிறார். கோமதி டொக்டர் உடனே ஈசிஜிக்குச் சீட்டு எழுதிவிட்டார். பல் நோவுக்கு ஈசிஜியா, சீட்டு ஆள்மாறி வந்திருக்கிறதென்று நஸீஹா அதைத் திருப்பிக் கொடுக்கவே போயிருக்கிறார். டொக்டர் அவரை உட்காரவைத்து, பொம்பிளைகளுக்குச் சில நேரம் நெஞ்சு நோகாமலே தாடையிலும் தோளிலும் முதுகிலும் வரும், சிலருக்கு வெறும் களைப்பாகவே வரும் என்று சொன்னாராம். படத்தில் அது இருந்தது. வார்ட்டில் சேர்க்க வேண்டும், இது இதயத்து நோவு என்று சொன்னபோது, சபூறா ராத்தா கன்னத்தில் கையை வைத்தபடி நஸீஹாவை மேலும் கீழும் பார்த்தாராம். "பல்லும் போச்சு, நோவும் போகல்ல. இனி நீங்க என்னத்தப் புடுங்கப் போறீங்க?"

மீராலெவ்வை மாமாவின் வக்கடை

அட்டாளைச்சேனை மீராலெவ்வை மாமாவை அவருடைய மருமகன் காலை ஏழரை மணிக்குக் கொண்டுவந்தான். சுபஹு தொழுகை முடிந்த கையோடு மழையில் வயலுக்குப் போய், வரம்பை வெட்டி வெள்ளத்தை வடிய விட்டுக்கொண்டிருந்திருக்கிறார். அப்படி வெட்டித் திறக்கிற வாயைத்தான் வக்கடை என்பார்கள். இடது கை நோவு. மண்வெட்டி பிடித்த நோவென்று அவர், இல்லையென்று மருமகன். கட்டிலில் படுத்தும் அவருடைய உடம்பு மட்டும்தான் என்னிடம் இருந்தது. "கெதியா எடுங்க மகன். இன்னும் ரெண்டு வக்கடை வெட்டக் கிடக்கு. பயிருக்கு மேலால தண்ணி ஏறுது."

எடுத்த படத்தைக் கொண்டுபோனேன். டொக்டர் ஒரு விபத்துக் காயத்துக்குத் தையல் போட்டுக்கொண்டிருந்தார். நாலைந்து நிமிஷம்தான் காத்திருந்தேன். அவர் படத்தைப் பார்த்ததும் "ஆள் எங்க?" என்றார். திரும்பி வந்து பார்த்தால் கட்டில் காலி. மருமகன் வெளியே தேத்தண்ணி வாங்கிக்கொண்டு நிற்கிறான், மாமா வேறு யாருடையதோ மோட்டார் சைக்கிளில் ஏறிப் போய்விட்டார். போன் அடித்தால் எடுக்கவில்லை. "ஜௌபர், அந்த ஆள் இப்ப மண்வெட்டி தூக்கப்படாது" என்றார் டொக்டர். அவர் சத்தம் போடவில்லை, அதனால்தான் எனக்குப் பயம் பிடித்தது. நஸீஹாவிடம் மெசினை ஒப்படைத்துவிட்டு, மருமகனிடம் வழி கேட்டுக்கொண்டு என் மோட்டார் சைக்கிளில் பறந்தேன். அவனை ஓட்டோ பிடித்துப் பின்னால் வரச் சொன்னேன்.

மழை முகத்தில் ஊசியாகக் குத்தியது. வயலுக்கு நடுவில் மாமா மண்வெட்டியை ஓங்கிக்கொண்டு நின்றார். நான் கத்தியதைக் காற்று கொண்டுபோய்விட்டது. சப்பாத்தோடு சேற்றுக்குள் இறங்கி ஓடி அவருடைய கையைப் பிடித்தேன். பலன் சொல்லக்கூடாது என்ற உத்தரவெல்லாம் அந்தத் தண்ணீரோடு போயிற்று.

"மாமா, உங்கட இதயத்துல அடைப்பு வந்திரிக்கி. இதத் தூக்கினா நீங்க இஞ்சயே..." 

அவர் என்னைப் பார்த்தார், தண்ணீரைப் பார்த்தார். "பயிர் மூணு நாள் தாண்டு கிடந்தா அழுகிரும் மகன். பிறகு நான் இருந்து என்ன செய்யிற?"

"நீங்க வரம்புல குந்துங்க. நான் வெட்டுறன்."

சொல்லிவிட்டேன். அன்றைக்குப் பதினான்கு வருஷமாக ஒயரைத் தவிர வேறொன்றையும் தூக்காத கை. வயது நாற்பத்திநாலு. எட்டு வெட்டில் மூச்சு முட்டியது. "இன்னும் ஆழமா! சரிச்சுப் போடு! ஆ, அப்பிடித்தான்!" என்று மாமா வரம்பில் இருந்து கட்டளை போட்டார். முதல் வக்கடை திறந்தது, தண்ணீர் இரைந்துகொண்டு ஓடியது. இரண்டாவதும் திறந்தது. மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு நிமிர்ந்தேன், என் நெஞ்சின் இடது பக்கத்தில் பளீரென்று ஒரு குத்து. இத்தனை வருஷம் மற்றவர்கள் சொல்லிக் கேட்ட எல்லா அறிகுறியும் ஒன்றாக எனக்கு வந்தது. அல்லது வந்ததாக நினைத்தேன். அப்படியே சேற்றில் குந்திவிட்டேன். இப்போது மாமா எழும்பி என்னைத் தாங்கிப் பிடித்தார்.

மருமகன் ஓட்டோவோடு வந்து சேர்ந்தான். இரண்டு பேரும் ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்துகொண்டு, தலை முதல் கால்வரை சேறோடு, கிடுகிடுவென்று நடுங்கிக்கொண்டு ஆஸ்பத்திரி வாசலில் இறங்கினோம். என்னைத்தான் முதலில் கட்டிலில் தூக்கிப் போட்டார்கள். "நான் இல்ல, அவர்!" என்றேன். ஆளுக்குப் புத்தி தடுமாறுகிறதென்று ஒக்சிஜனை மூக்கில் வைத்தார்கள். மாமா என் கையைப் பிடித்துக்கொண்டு "நல்ல பிள்ளை மிஸ்ஸி, எப்பிடியாவது காப்பாத்துங்க" என்று அழுதார். எனக்கு வந்தது சதைப்பிடிப்பு. அவருக்கு இருந்தது மாரடைப்புத்தான். அன்றே மட்டக்களப்புக்குப் போய்ப் பிழைத்து வந்தார், பயிரும் பிழைத்தது. ஆனால் அந்த நேரத்தில் யாரை எங்கே அனுப்புவதென்று ஒருவருக்கும் புரியாமல் நின்றபோது, செல்வி மிஸ்ஸி வெந்நீர் வாளியோடு வந்து சொன்னார். "முதல்ல ரெண்டு பேரையும் கழுவுங்க. பிறகு பாப்பம், ஆரு நோயாளி, ஆரு ஈசிஜிக்காரர் எண்டு."

நல்லம் என்று சொன்ன கடதாசி

இதைச் சொல்லாமல் விட்டுவிடலாம் என்றும் யோசித்தேன். மாளிகைக்காட்டைச் சேர்ந்த ஒரு தம்பி, முப்பத்தாறு வயது, ஆழ்கடல் போகிறவர். வெளிநாட்டு வேலைக்கு மெடிக்கல் எடுக்க ஆவணி மாதத்தில் வந்தார். படம் எடுத்தேன். "எப்பிடி காக்கா?" என்று சிரித்துக்கொண்டு கேட்டார். சொல்லக்கூடாதுதான். கோடு அவ்வளவு அழகாக இருந்தது, அவருடைய சிரிப்பும் அப்படி இருந்தது. "நல்லா இரிக்கி" என்று சொல்லிவிட்டேன். வெளிநாட்டு வேலை சரிவரவில்லை. மார்கழியில் கடல் பொங்கிய ஒரு விடியற்காலை, மழைக்குள் எட்டுப் பேர் சேர்ந்து தோணியைக் கரைக்குத் தள்ளும்போது, "கொஞ்சம் இருங்க" என்று சொல்லிவிட்டு மணலில் சாய்ந்திருக்கிறார். ஆஸ்பத்திரிக்கு வரும்போது மௌத்தாகியிருந்தார்.

நாற்பது நாள் கழித்து அவருடைய நானா, கூடப்பிறந்த அண்ணன், வந்தார். பிளாஸ்டிக் உறைக்குள் அந்த ஆவணி மாதப் படம். கோபத்தோடு வந்திருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும். அவர் கோபப்படவில்லை. "இதுல நல்லம் எண்டுதானே இரிக்கி? நீங்களும் நல்லம் எண்டு சொன்னதாத் தம்பி வீட்ட வந்து சொன்னான். எனக்கு விளங்கல்ல, அதான் கேட்டுப்போட்டுப் போக வந்த" என்றார். எனக்கும் விளங்கவில்லை. இரண்டு பேரும் கோமதி டொக்டருக்கு முன்னால் போய், வாத்தியாருக்கு முன்னால் நிற்கிற பிள்ளைகளைப்போல நின்றோம். டொக்டர் அந்தப் படத்தை வாங்கிப் பார்த்தார். "இது பிழையில்ல. ஆனா இது அவர் சும்மா படுத்திருந்த கொஞ்ச நேரத்துப் படம். ஆவணிக் கடலப் படம் எடுத்து வச்சிக்கொண்டு, மார்கழியிலயும் கடல் இப்பிடித்தான் இருக்குமெண்டு சொல்ல ஏலுமா?" பிறகு அவர்களுடைய வாப்பாவை, தகப்பனைப் பற்றிக் கேட்டார். வாப்பாவும் ஐம்பது தாண்டவில்லை, கடற்கரையில்தான் விழுந்தாராம். வாப்பாவின் தம்பி, சாச்சாவும் அப்படியாம். ஊரில் அதைக் கண்ணூறு என்றார்களாம்.

அன்றைக்கே நானாவுக்கு இரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். பிரஷரும் கொழுப்பும் ஏறியிருந்தது, சிகரெட்டும் இருந்தது. இப்போது மாதாமாதம் கிளினிக்குக்கு வருகிறார், சிகரெட்டை விட்டுவிட்டார். அன்று எல்லாம் முடிந்து எழும்பியபோது அந்த உறையை என் முன்னால் நீட்டினார்.  "கிழிக்கக் கை வருதில்ல, வச்சிருக்க மனம் வருதில்ல. அப்ப இத நான் என்ன செய்யிற தம்பி?"

ஜும்ஆவுக்குப் பிறகு ஐந்து நிமிஷம்

அதற்குப் பிறகு, பள்ளியில் ஜும்ஆ முடிந்ததும் ஐந்து நிமிஷம் இதைப் பற்றி நாலு வார்த்தை சொல்லுங்கள் என்று கோமதி டொக்டர் என்னை அனுப்பினார். சொல்ல வேண்டியதை அவரே எழுதித் தந்தார். விடியற்குளிரில் எடுத்த எடுப்பில் பாரம் தூக்காதீர்கள், உடம்பைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சூடாக்குங்கள். நனைந்த உடுப்பை மாற்றுங்கள். வேலைக்கு நடுவில் ஆறுங்கள். நெஞ்சோ கையோ தாடையோ இறுகினால் அந்த இடத்திலேயே வேலையை நிறுத்திவிட்டு ஆஸ்பத்திரிக்கு வாருங்கள், நீங்களே வண்டி ஓட்டிக்கொண்டு வராதீர்கள். இவ்வளவுதான். மைக்கைக் கண்டதும் எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. எதை முன்னால் சொன்னேன், எதைப் பின்னால் சொன்னேன் என்று எனக்கே தெரியாது.

அடுத்த கிழமை முழுக்க அதன் பலனை அனுபவித்தேன். தொழுகைக்கு முன்னால் குளிர்ந்த தண்ணீரில் கை கால் கழுவி ஒழுச் செய்தால் இதயம் நின்றுவிடும் என்று நான் சொன்னதாக ஒருவர் சண்டைக்கு வந்தார். இன்னொருவர் இரண்டு சுவெட்டரும் ஒரு மழைக்கோட்டும் போட்டுக்கொண்டு வெயில் வந்த பிறகும் கழற்றாமல் வலை இழுத்து, வெக்கையில் மயங்கி வந்தார். திங்கட்கிழமை விடிய என் அறை வாசலில் இருபது பேருக்கு மேல் வரிசையில் நின்றார்கள். "எங்க நோகுது?" என்று கேட்டால், "இன்னும் நோகல்ல, நீங்கதானே வரச் சொன்ன" என்றார்கள். அந்த வரிசையில், பாரத்தோடு நடந்தால் நெஞ்சு இறுகுகிறதென்று உண்மையைச் சொன்னவர் ஒரேயொருவர்தான், மண் ஏற்றுகிற காசிம் காக்கா. நான் பள்ளியில் உளறியதில் அவர் ஒருவராவது பிடிபட்டார் என்று எனக்குள் ஒரு சின்னச் சந்தோஷம்.

சோதனையெல்லாம் முடிந்து, மருந்து எழுதி, இந்த மாரி முடியும்வரை பார வேலை செய்யக்கூடாதென்று டொக்டர் சொன்னார்.  காசிம் காக்கா என் கட்டிலில் இருந்தபடி சட்டைப் பொத்தானை ஒவ்வொன்றாகப் பூட்டினார். வெளியே மழை விட்டிருந்தது, மண் லொறியின் ஹோர்ன் கேட்டது. போகும்போது அறிவுரை கேட்டவரைப்போல இல்லாமல், எனக்கு அறிவுரை சொல்கிறவரைப்போலச் சொன்னார். "வேலைய விட்டா நெஞ்சு நோகாது தம்பி, ஓம். ஆனா வயிறு நோகும், பிள்ளையள்ற வயிறு."

குளிரையும் நிறுத்த முடியாது, வேலையையும் நிறுத்த முடியாது என்பதால், இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட நெஞ்சை மட்டும் நான் படம் எடுத்துக்கொண்டிருக்கிறேன்.